மருந்தைத் தேர்ந்தவர் யார்?
கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கம்பம் நகரில் ஒரு மாலை வேளை. ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்றவர்களைச் சுமந்துகொண்டு ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. நாம் ஒரு மருந்துக்கடையின் முன் நின்றிருந்தோம். எமக்கு முன்னால் நின்ற மூதாட்டி ஒருவர், முந்தானையில் முடிந்து வைத்திருந்த மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். ஏழு மருந்துகள் எழுதப்பட்டிருந்தன. கடைப்பையன் விலையைக் கூட்டிச் சொன்னான். மூதாட்டி தம் கையிலிருந்த நோட்டுகளை எண்ணிப் பார்த்தார். பிறகு, சற்றும் தயங்காமல் கேட்டார்: "தம்பி, இதுல எது ரொம்ப முக்கியமோ அத மட்டும் குடுய்யா."

பையன் திகைத்தான். "டாக்டர் எழுதுனத நான் எப்படி ஆத்தா குறைக்கிறது?" என்றான். ஆயினும் கேள்வி அவன் கையை விட்டுப் போகவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினர். கடைசியில் அவன் நான்கு மருந்துகளை எடுத்து வைத்தான். எந்த நான்கு, எந்தக் காரணத்தால் என்பதை அவனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கையிலிருந்த பணம் அந்த நான்குக்குத்தான் போதுமானதாயிருந்தது.

அந்தக் காட்சி நம் நினைவை விட்டு நீங்கவில்லை. மருத்துவம் படித்தவர் ஏழு மருந்துகளைத் தேர்ந்தார்; வறுமை அவற்றில் மூன்றை நீக்கியது. சர்க்கரை நோய்க்கான மாத்திரை நீங்கியதா, சத்து மாத்திரை நீங்கியதா என்று யாருக்கும் தெரியாது. மருந்தைத் தேர்ந்தெடுக்கும் செயல் எங்கோ ஓரிடத்தில் நடந்தே தீர வேண்டும். அறிவும் பொறுப்பும் உள்ளவர்கள் அதை வெளிச்சத்தில் அமர்ந்து செய்யாவிட்டால், கடை வாசலில் ஏழையின் முந்தானை முடிச்சு அதைச் செய்துவிடும். கடந்த ஒன்றரை நூற்றாண்டில் நம் தமிழகத்தில் இந்தத் தேர்வு யார் கையில் இருந்தது, எப்படிக் கைமாறியது என்று பின்னோக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொயினாவின் காலம்

இன்று நெல்லும் வாழையும் தென்னையும் பன்னீர்த் திராட்சையும் செழித்து நிற்கும் இப்பள்ளத்தாக்கு, முல்லைப் பெரியாற்று நீரால் வாழ்வு பெற்றது. 1887-இல் தொடங்கிய அந்த அணையின் வேலை, பென்னிகுக் அவர்களின் தலைமையில் நடந்து, 1895-இல் நீர் திறக்கப்பட்டது. அந்த வெற்றிக்குப் பின்னால் காட்டுக் காய்ச்சலும் காலராவும் கொண்டுபோன நூற்றுக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன. பாறையும் வெள்ளமும் விலங்குகளும் போலவே கொசுவும் அங்கே கொடிய பகையாயிருந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் கண்டறிந்ததோ அணை திறந்த பின், 1897-இல்.

அக்காலத்தில் அந்தக் காய்ச்சலுக்கு மருந்தென இருந்தது குயினைன் ஒன்றே. நம் பாட்டனார் அதைக் கொயினா என்பார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வளர்ந்த சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்ட அது, விலை மிகுந்த பொருள். 1860-இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் அந்த மரத்தின் நாற்றுகளையும் விதைகளையும் இந்தியாவிற்குக் கொண்டுவரும் பணியை முன்னின்று நடத்தினார். நீலகிரியில் மக்கைவர் என்னும் தோட்டக்கலை வல்லுநரின் பொறுப்பில் அவை வளர்ந்தன. நடுவட்டத்தில் அரசே குயினைன் ஆலையையும் நடத்தியது.

இங்கேதான் நம் பொருளுக்கு நெருக்கமான ஒரு நிகழ்ச்சி வருகிறது. சின்கோனாப் பட்டையில் குயினைன் மட்டுமன்று, குயினிடின், சின்கோனின், சின்கோனிடின் என்னும் வேறு மூன்று சத்துகளும் உண்டு. மருத்துவர்கள் விலையுயர்ந்த குயினைனையே நாடினர். மற்ற மூன்றும் மலிவாயிருந்தும் மதிப்பாரின்றிக் கிடந்தன. அவையும் அதே பயனைத் தருமா என்று ஆராய மாகாணந்தோறும் மருத்துவக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1866 முதல் 1868 வரை நடந்த ஆய்வில், ஏறத்தாழ 3,600 காய்ச்சல் நோயாளிகளுக்கு இந்த நான்கு சத்துகளும் கொடுத்துப் பார்க்கப்பட்டன. நான்குமே காய்ச்சலைத் தணித்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் குணம் கண்டனர். 'மதராஸ் ஆய்வு' என்று மருத்துவ வரலாற்றில் குறிக்கப்படும் அது, மலிவான மருந்து தாழ்ந்த மருந்து ஆகாது என்பதைச் சோதித்து அறிந்த மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்று.

1892-இல் வங்கத்தில் அஞ்சல் நிலையங்களின் வழியாகக் குயினைன் பொட்டலங்கள் சிறு காசுக்கு விற்கப்பட்டன. பிற மாகாணங்களும் அம்முறையைப் பின்பற்றின. மருந்துக்கடையே இல்லாத ஊரிலும் தபால்காரர் இருந்தார் அல்லவா?

இதைச் சொல்லும்போது நாம் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஆங்கில அரசுக்கு இந்த அக்கறை பிறந்ததற்குக் கருணை மட்டுமே காரணமன்று. படைவீரரும் தோட்டத் தொழிலாளரும் காய்ச்சலில் விழுந்தால் ஆட்சியும் வருவாயும் விழும் என்ற கணக்கும் அதில் இருந்தது. நோக்கம் கலப்படமாயினும் வழிமுறை நமக்குப் பாடமாகிறது. மருந்தைச் சோதித்தார்கள், மலிவானதைத் தேர்ந்தார்கள், அரசே ஆக்கியது, கடைசி மனிதனும் எட்டும் இடத்தில் வைத்தார்கள். பிற்காலம் நெடுங்காலம் இந்த நான்கையும் மறந்திருந்தது.

கம்பவுண்டரின் அலமாரி

நடுவயதைக் கடந்த வாசகர்களுக்குப் பழைய அரசு மருத்துவமனை நினைவிருக்கும். வீட்டிலிருந்து கழுவிய பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பெரிய கண்ணாடிச் சாடிகளில் சிவப்பாகவும் வெள்ளையாகவும் மிக்சர் நிறைந்திருக்கும். கம்பவுண்டர் ஓர் அளவு ஊற்றிக் கொடுப்பார். மாத்திரைகள் தகர டப்பாவிலிருந்து எண்ணப்பட்டு, பழைய தாளில் மடித்துத் தரப்படும். எந்த மாத்திரை, யார் செய்தது, என்று காலாவதியாகும் என்று அந்தத் தாள் சொல்லாது. நோயாளியும் கேட்க மாட்டார்.

அந்த அலமாரியில் தேர்வு என்பதே இருக்கவில்லை. இருப்பதைக் கொடுத்தார்கள், இல்லாததை வெளியே வாங்கச் சொன்னார்கள். நிதியாண்டு முடியும் மாதங்களில் அலமாரி வெறுமையாகிவிடும். நாம் சிறுவராயிருந்தபோது, மருத்துவமனை ஒன்றில் எம் தந்தையாருக்குக் கொடுக்கப்பட்ட ஈரம் பட்ட மாத்திரைகள் தாளிலேயே கரைந்து மாவாய்ப் போயிருந்தன. அம்மா அந்தத் தாளை விரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுப்பில் போட்டார். மறுநாள் காதுத் தோடு அடகுக்குப் போயிற்று. இதுபோன்ற கதை நம்மில் பலருடைய வீட்டிலும் இருக்கும்.

பெயர்களின் பெருக்கம்

அரசு மருத்துவமனையில் அலமாரி வெறுமையாயிருந்த அதே காலத்தில், வெளியே கடைகளில் மருந்துகள் மலிந்து கிடந்தன, விலைதான் மலியவில்லை. அமெரிக்க மேலவையில் செனட்டர் கீஃபாவர் தலைமையில் 1959 முதல் மருந்து விலை பற்றி விசாரணை நடத்திய குழு, உலகிலேயே மருந்து விலை மிக உயர்ந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்று 1961-இல் குறிப்பிட்டது. வருவாயில் கடைசி வரிசையில் நின்ற நாடு, மருந்து விலையில் முதல் வரிசையில் நின்றது.

இந்நிலையை மாற்றியதில் ஒரு தமிழருக்குப் பெரும் பங்குண்டு. நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கை, நம் காப்புரிமைச் சட்டத்தின் வேரையே ஆராய்ந்தது. அதன் அடிப்படையில் 1970-இல் இயற்றப்பட்ட காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கே உரிமை கோருவதை நீக்கி, அதைச் செய்யும் முறைக்கு மட்டும் உரிமை அளித்தது. ஒரே மருந்தை வேறொரு முறையில் செய்வதற்கு இந்திய நிறுவனங்களுக்கு வழி பிறந்தது. அதே 1970-இல் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையும் வந்தது. 2005-இல் உலக வணிக ஒப்பந்தத்திற்கு இணங்கச் சட்டம் மீண்டும் திருத்தப்படும் வரை அந்த வாயில் அகலத் திறந்திருந்தது.

மருந்து மலிந்தது, ஆனால் வேறொரு குழப்பம் பெருகியது. ஒரே மருந்துக்கு நூறு வணிகப் பெயர்கள் தோன்றின. இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துப் புதுப்பெயர் சூட்டுவதும் வழக்கமாயிற்று. 1975-இல் அறிக்கை அளித்த ஜெய்சுக்லால் ஹாத்தி குழு, பெரும்பாலான மக்களின் நோய்களுக்கு நூற்றுச் சொச்சம் மருந்துகளே போதும் என்றது. வணிகப் பெயர்களைப் படிப்படியாக நீக்கவும் கூறியது. அடுத்து, 1977-இல் உலக நலவாழ்வு நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டது. அதில் இருந்தவை ஏறத்தாழ 200 மருந்துகளே.

அந்தப் பட்டியலைத் தம் வாழ்வோடு பிணைத்துக்கொண்ட முதல் நாடுகளுள் ஒன்று ஏழை வங்கதேசம். 1982-இல் ஜஃப்ருல்லா சவுத்ரி போன்ற மருத்துவர்களின் தூண்டுதலால், பயனற்றவையும் தீங்கானவையும் எனக் கண்ட மருந்துகளை ஆயிரக்கணக்கில் சந்தையிலிருந்து நீக்கும் கொள்கையை அது அறிவித்தது. இங்கோ ஹாத்தி குழுவின் பரிந்துரைகளுள் முதன்மையானவை நெடுங்காலம் தாளிலேயே இருந்தன.

1994: பட்டியல் உயிர்பெற்ற கதை

தாளில் இருந்ததைத் தமிழகம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1994 ஜூலை முதல் நாள் 'தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்' என்னும் அரசு நிறுவனம் பதிவாயிற்று. 1995 சனவரியில் அதன் பணி தொடங்கியது. இந்திய ஆட்சிப் பணி அதிகாரி ஆர். பூர்ணலிங்கம் அதை உருவாக்கியதில் முன்னின்றவர். அக்கழகம் வகுத்துக்கொண்ட முறையைச் சற்று விரிவாகவே காண்போம். ஏனெனில் அதன் பெருமை சட்டத்தின் முழக்கத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தின் ஒழுங்கில் இருக்கிறது.

முதலில் தேர்வு. மருத்துவ வல்லுநர் குழு ஒன்று கூடி, அரசு மருத்துவமனைகளுக்கு எவை இன்றியமையாதவை என்று பட்டியல் இட்டது. தொடக்க ஆண்டுகளில் அது இருநூற்றைம்பதை ஒட்டியிருந்தது. எல்லாம் மருந்தின் பொதுப் பெயரிலேயே எழுதப்பட்டன. வணிகப் பெயருக்கு அங்கே இடமில்லை.

அடுத்தது விலை. ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே சிறிது சிறிதாக வாங்கியபோது பேரம் பேசும் வலிமை எதற்கும் இல்லை. மாநிலம் முழுவதற்குமான தேவை ஒன்றாகத் திரட்டப்பட்டது. ஒப்பந்தப்புள்ளி இரண்டு உறைகளில் கேட்கப்பட்டது. முதல் உறையில் நிறுவனத்தின் தகுதியும் திறனும், இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறியவர்களின் இரண்டாம் உறை மட்டுமே பிரிக்கப்பட்டது. தகுதியற்றவர் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் உள்ளே வர இயலாது. கடை விலையின் சிறு பகுதிக்கே பல மருந்துகள் கிடைத்தன.

மூன்றாவது தரம். கிடங்கிற்கு வந்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியெண் மட்டும் இட்டு ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினர். தேறிய பின்னரே மருந்து மருத்துவமனைக்குச் சென்றது. தவறிய நிறுவனம் விலக்கி வைக்கப்பட்டது. தகர டப்பா போய், அரசு முத்திரை பொறித்த பட்டைகளில் மாத்திரைகள் வந்தன. மழை ஈரத்தில் கரையாத மாத்திரை! எம் தாயார் இருந்து பார்த்திருந்தால் அதன் அருமையை எவரும் விளக்க வேண்டியிருந்திராது.

நான்காவது, நமக்கு மிகவும் பிடித்தது, கணக்கு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் தருவதுபோல் ஒரு பாஸ் புத்தகம் வழங்கப்பட்டது. அந்த ஆண்டுக்கு அதற்கு ஒதுக்கிய தொகை அதில் வரவாக இருக்கும். கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்கத் தொகை கழியும். எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்பதை மருத்துவமனையே தீர்மானிக்கும். தேவையற்றதை எடுத்தால் தேவையானதற்குப் பணம் இராது. பட்டியல் பொதுவானது, அதற்குள் முதன்மையைத் தீர்மானிக்கும் உரிமை நோயாளியின் அருகில் இருப்பவருக்கு. நிதியில் பத்தில் ஒன்பது பங்கு கழகத்தின் வழியாகவும், எஞ்சிய ஒரு பங்கு அவசரத் தேவைக்கு உள்ளூரில் வாங்கவும் என்று வகுக்கப்பட்டது.

1990-களில் கணிப்பொறி புதுமையாயிருந்த நாள்களிலேயே, எந்தக் கிடங்கில் எது குறைகிறது என்று சென்னையிலிருந்து கண்காணிக்கும் ஏற்பாட்டையும் அவர்கள் செய்தனர். பிற மாநிலங்கள் இதைக் காண வந்தன. குமுளிக்கு அப்பால் உள்ள கேரளம் 2007-இல் இதே போன்ற கழகத்தை அமைத்தது. இராஜஸ்தான் 2011 அக்டோபர் 2-ஆம் நாள் அரசு மருத்துவமனைகளில் விலையில்லா மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, தமிழகமே அதற்கு முன்மாதிரியாயிற்று.

நம் பள்ளத்தாக்கு அந்நாளில் மதுரை மாவட்டத்தின் மேற்கு மூலையாயிருந்தது. 1997 சனவரியில் தேனி தனி மாவட்டமாயிற்று. 2004-இல் க. விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. அதற்கு முன் கூடலூரிலும் கம்பத்திலும் கடும் நோயில் விழுந்தவரை நூறு கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். பேருந்துக் கட்டணம், உடன் செல்பவரின் கூலி இழப்பு, தங்கும் செலவு இவையெல்லாம் மருந்து விலையின் மேல் ஏறிக்கொள்ளும். அருகில் ஒரு மருத்துவமனையும் அதில் மருந்தும் இருப்பது ஏழைக்கு இருமடங்கு மலிவு.

மலிவு மட்டும் போதுமா?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையையும் வரலாறு தருகிறது. 1986-இன் தொடக்கத்தில் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட கிளிசராலில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தது. 14 உயிர்கள் மடிந்தன. விசாரித்த நீதிபதி லெண்டின், நஞ்சு புட்டிக்குள் புகுந்ததற்கு முன்பே கொள்முதல் முறைக்குள் புகுந்துவிட்டதை எடுத்துக் காட்டினார். மருந்தை வாங்கியவர், சோதிக்க வேண்டியவர், உரிமம் தந்தவர் என ஒவ்வொரு படியிலும் கண்கள் மூடியிருந்தன.

அந்த நஞ்சு பழங்கதையாகவும் இல்லை. 2025-இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து ஒன்றில் அதே பொருள் கலந்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் மாண்டனர். தமிழகத்தின் கொள்முதல் முறையைப் புகழ்ந்த அதே நாவால், தமிழக மண்ணில் செய்யப்பட்ட மருந்து பிறர் பிள்ளைகளைக் கொன்றதையும் நாம் சொல்லியாக வேண்டும். குறியெண் இட்ட மாதிரியும் ஆய்வுக்கூடமும் அலுவலகச் சடங்குகள் அல்ல. அவை ஒரு குழந்தைக்கும் ஒரு புட்டிக்கும் இடையில் நிற்கும் காவல்.

மலிவும் தரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்து ஓராண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த நாளில், 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது. ஐயங்கார் அறிக்கை திறந்த வாயிலின் கனி அது. 2004 ஏப்ரல் முதல் நாள் அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்து இலவசமாக வழங்கத் தொடங்கப்பட்டது. தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்று. அந்நோயின் துயரை நம் பள்ளத்தாக்கும் அறியும். பெற்றோர் மருந்துண்டு வாழ்ந்ததால் அநாதையாகாமல் வளர்ந்த பிள்ளைகள் இன்று நம்மிடையே இருக்கின்றனர். ஒரு விலைச்சீட்டு மாறியதால் ஒரு குடும்பத்தின் கதையே மாறியது.

இன்னும் எட்டாதவை

அப்படியானால் கம்பத்து மூதாட்டி ஏன் கடை வாசலில் நின்றார்? இது நியாயமான கேள்வி.

அவர் அன்று சென்றது தனியார் மருத்துவரிடம். அரசு மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்றார். வரிசையில் நிற்கும் நேரமும் ஒரு விலைதான். அதை எந்தப் பாஸ் புத்தகமும் கணக்கிடுவதில்லை. பட்டியலில் உள்ள மருந்தே சில வேளை தீர்ந்துபோவதும், வெளியே வாங்கச் சீட்டு எழுதித் தருவதும் அடியோடு ஒழிந்தபாடில்லை. கழகம் அமைத்த ஒழுங்கு அரசு மருத்துவமனையின் மதிலோடு நின்றுவிடுகிறது. மதிலுக்கு வெளியே வணிகப் பெயர்களின் அரசாட்சி.

அங்கும் சில முயற்சிகள் நடந்துள்ளன. 2013-இன் விலை ஆணை, இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்ச விலை வகுத்தது. 2022-இல் திருத்தப்பட்ட அப்பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. 2016 மார்ச்சில் மருத்துவப் பயன் நிறுவப்படாத 344 கூட்டு மருந்துகளை நடுவணரசு தடை செய்தது, வழக்குகள் தொடர்ந்தன. பொதுப் பெயரிலேயே, தெளிவான எழுத்தில் மருந்தெழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதித்தது. 2023-இல் அதைக் கட்டாயமாக்கிய புதிய விதி, வந்த மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. மலிவான பொதுப்பெயர் மருந்தின் தரத்தை நம்பலாமா என்று மருத்துவர்கள் எழுப்பிய ஐயத்தை நாம் அலட்சியம் செய்ய இயலாது. தரச் சோதனை நம்பத்தக்கதாக இருந்தால்தான் பொதுப் பெயர் வெல்லும்.

தனியார் மருத்துவமனைகள் தம் சொந்தக் கடையிலேயே மருந்து வாங்க நோயாளியை நெருக்கலாமா என்ற வழக்கில் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தகுந்த கொள்கை வகுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடமே விட்டது. படுக்கையில் தந்தை கிடக்கும்போது, "இந்த மருந்தை வெளியே வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்கும் துணிவு எந்த மகனுக்கு வரும்?

நடுவண் அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008 முதலும், தமிழக அரசின் முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரி முதலும் பொதுப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலைக்கு விற்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்த் தரப்பட்டன. கூலி இழப்பு என்னும் மறைவான விலையைக் கணக்கில் கொண்ட ஏற்பாடு அது. தபால்காரர் கொயினாப் பொட்டலம் விற்ற பழைய அறிவு, வேறு உருவில் திரும்பி வந்தது எனலாம்.

நம் பொறுப்பு

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, மருத்துவம் நான்கு கூறுகள் உடையது என்கிறார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து கொடுப்பவர். விலையை அவர் தனிக் கூறாக வைக்கவில்லை. நம் காலமோ அதை ஐந்தாவதாகச் சேர்த்துவிட்டது. பல வேளை மற்ற நான்கையும் அதுவே ஆட்டி வைக்கிறது.

நற்செய்தியில் வரும் சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். காயத்தைக் கட்டியதோடு அவர் நிற்கவில்லை. சத்திரக்காரரிடம் பணம் கொடுத்தார். மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றார். மருத்துவச் செலவு பற்றிய கணக்கும் அந்த உவமையின் இரக்கத்துக்குள் அடங்குகிறது. 1943-இல் குண்டூரில் மருத்துவத் துறவி மேரி குளோரி இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒரு சங்கமாக இணைத்தபோது, சிதறிக் கிடந்த சிறு மருந்தகங்களும் ஒன்றையொன்று தாங்க வழி பிறந்தது. தனித்து வாங்குபவர் விலைக்குப் பணிகிறார். சேர்ந்து வாங்குபவர் விலையைப் பேசுகிறார். நம் பங்குகளிலும் சபைகளிலும் நடக்கும் மருந்தகங்கள் தத்தம் அலமாரியை ஒருமுறை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பட்டியல் இருக்கிறதா? அதை வகுத்தவர் யார்? வாங்கும் விலையும் விற்கும் விலையும் மக்கள் அறியும்படி எழுதப்பட்டுள்ளனவா?

நோயாளிகளாகவும் நமக்கொரு கடமை உண்டு. மருத்துவரிடம் மரியாதையோடு கேட்கலாம்: இதில் எது தவிர்க்கவே கூடாதது? இதன் பொதுப் பெயர் என்ன? குறைந்த விலையில் இதற்கு இணையானது உண்டா? நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் வருந்த மாட்டார். அந்த மூதாட்டி கேட்டதும் இதே கேள்விதான். கேட்ட இடம்தான் தவறிப்போயிற்று. அதற்கும் அவர் காரணமல்லர்.

சில வாரங்களுக்குப் பின் அவரை மீண்டும் அதே தெருவில் கண்டோம். கையில் அரசு மருத்துவமனையின் மஞ்சள் பை. நலம் விசாரித்தோம். "பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்யா, ஒருநாள் கூலி போச்சு, மாத்திர ஒரு மாசத்துக்குக் குடுத்தாக" என்றார். பையைத் திறந்து காட்டினார். அரசு முத்திரையிட்ட பட்டைகள் இரண்டு. ஏழு மருந்துகள் அவருக்கு இரண்டாகக் குறைந்திருந்தன. இம்முறை குறைத்தவர், அவரைச் சோதித்துப் பார்த்த ஒரு மருத்துவர்.